கேளுங்க அண்ணாச்சி: ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் 501-வது யூனிட்டும்

தாம்பரம் பக்கம் 31 வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை வியாபாரம் மந்தம். இந்தப் பதில்களை அந்த நேரத்தில்தான் துவரம்பருப்பு மூட்டை மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். இனிமேல் கேள்வி கேட்பவர்களின் பெயரைப் போடப்போவதில்லை. போன மாதம் ஒருவர் பெயரோடு கேள்வி வந்தது. அவர் தெருக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "என்னைத்தானே எழுதினீங்க?" என்று வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டாராம். ஊர்ப் பெயர் மட்டும் போதும்.

பிஸ்கட், சோப்பு எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி குறைந்தது என்றார்கள். 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இன்றும் 5 ரூபாய்தான். நடுவில் சாப்பிட்டது கம்பெனியா, கடைக்காரரா? (கரூர் வாசகர்)

கடைக்காரரையும் பட்டியலில் சேர்த்ததற்கு நன்றி. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 2025 செப்டம்பர் 22-லிருந்து பிஸ்கட்டுக்கு வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது. பழைய 5 ரூபாய் பாக்கெட்டில் வரி போக மிச்சம் 4 ரூபாய் 24 காசு. அதன்மேல் 5 சதவிகிதம் போட்டால் 4 ரூபாய் 45 காசு. ஆக, உங்களுக்கு வரவேண்டியது 55 காசு.

அந்த 55 காசை நான் எதில் எண்ணிக் கொடுப்பேன்? 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் மாதத்தோடு போய்விட்டன. 50 காசு சட்டப்படி இன்னும் செல்லும். என் கல்லாவில் ஒரு மாத்திரை டப்பாவில் ஏழெட்டு கிடக்கின்றன. எடுத்து நீட்டினால் வாங்குபவர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

இந்த வியாபாரமே வேறு மாதிரி. கடலூரில் சின்னி கிருஷ்ணன் வெல்வெட் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவோடு தனியாகக் கிளம்பினார். கடை வாசலில் சரம் சரமாகப் பாக்கெட் தொங்குகிறதே, அந்தப் பழக்கத்தில் நம்ம கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. சரத்தில் தொங்கும் சரக்குக்கு விலையைத்தான் முதலில் முடிவு செய்வார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து, பத்து. அதற்குள் எவ்வளவு அடைப்பது என்பது அப்புறம். கோதுமை, பாமாயில் விலை ஏறினால் விலை அப்படியே நிற்கும், உள்ளே எடை இளைக்கும். பாக்கெட்டின் நீள அகலம்கூட மாறாது, காற்றுதான் கூடும்.

இந்த முறை உல்டா நடந்தது. வரி குறைந்த புதிதில் 4.50 என்று அச்சடித்த பாக்கெட்டுகள் என் கடைக்கே வந்தன. ஒன்று வாங்க வந்தவரிடம் "ரெண்டா எடுத்துக்குங்க, ஒம்பது ரூபா" என்று சொல்லிச் சமாளித்தேன். ஒற்றைப் பாக்கெட்தான் வேண்டும் என்ற பிள்ளைகளிடம் அரை ரூபாய் பாக்கி வைத்தேன். அப்புறம் எடையைக் கூட்டிப் பழையபடி 5 ரூபாய்க்கே வந்துவிட்டார்கள். எனக்கு நிம்மதி. உங்களுக்கு லாபமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாக்கெட் பின்னால் எம்.ஆர்.பி. பக்கத்தில் சின்ன எழுத்தில் யு.எஸ்.பி. என்று ஒரு எண் இருக்கும். பென்டிரைவ் சமாச்சாரம் இல்லை, ஒரு கிராம் என்ன விலை என்பது அது. பழைய பாக்கெட் உறை வீட்டில் கிடந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் குறைந்திருந்தால் உங்கள் 55 காசு கிராமாக வந்து சேர்ந்துவிட்டது. குறையவில்லை என்றால் கம்பெனியைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

ஸ்வீட் கடையில் அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போடுகிறார்கள். கேட்டால் "எல்லாக் கடையிலயும் அப்படித்தான் சார்" என்கிறார்கள். (கோயம்புத்தூர் வாசகர்)

எல்லாக் கடையிலும் அப்படியில்லை. அப்படிச் செய்தால் தப்பு. நீங்கள் பணம் கொடுப்பது மைசூர்பாகுக்கு, அட்டைக்கு இல்லை. கிலோ 600 ரூபாய் ஸ்வீட், பெட்டி 50 கிராம் என்று வையுங்கள். அந்த அட்டைக்கு நீங்கள் கொடுப்பது 30 ரூபாய். பழைய பேப்பர்க்காரர் ஒரு கிலோ அட்டைக்குக்கூட உங்களுக்கு அவ்வளவு தரமாட்டார்.

எலக்ட்ரானிக் தராசில் 'டேர்' என்று ஒரு பட்டன் உண்டு. காலிப் பெட்டியை வைத்து அதை அமுக்கினால் எண் பூஜ்யத்துக்கு வரும், அதன்பிறகு ஸ்வீட்டை அடுக்க வேண்டும். ஒரு விநாடி வேலை. "தம்பி, டேர் போட்டுருங்க" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வார்த்தை தெரிந்தவர் என்றால் மறுபேச்சு வராது. தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போடவேண்டும், அந்தச் சான்றிதழ் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். என் கடையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே இருக்கிறது. யாரும் இதுவரை பார்த்ததில்லை, பிள்ளையாரைத்தான் கும்பிடுகிறார்கள்.

எங்கள் தெரு டீக்கடைக்காரர் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். இது வரி ஏய்ப்புதானே? (ஓசூர் வாசகர்)

ஓசூர் என்பதால் புரிகிறது, காற்று பெங்களூரிலிருந்து அடிக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவுகளைப் பார்த்து சின்னக் கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மறுநாளே க்யூஆர் அட்டைகள் கழன்றன. கடைசியில் முதல்வர் சித்தராமையா, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி ஆற்றினார்.

சட்டம் இதுதான். பொருள் விற்பவருக்கு வருஷ வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டினால், சேவை என்றால் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். டீக்கடை, ஓட்டல் எல்லாம் சேவைக் கணக்கு. ஒரு நாளைக்கு 6,000 ரூபாய்க்கு டீயும் வடையும் விற்றால் வருஷத்துக்கு 21 லட்சத்து 90 ஆயிரம். எல்லையைத் தாண்டியாயிற்று. ஆனால் அது வியாபாரம், லாபமில்லை. பால், சர்க்கரை, கேஸ், மாஸ்டர் சம்பளம் போக அவர் கையில் நிற்பது உங்கள் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ரொக்கம் வாங்கினால் பதிவு வேண்டாம் என்று அவர் நினைத்தால் அது தப்பு. ஆனாலும் அவரை வரி ஏய்ப்பாளர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயந்தவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். தம்பி கல்யாணத்துக்கு மாமா அனுப்பிய 50 ஆயிரமும் அதே க்யூஆரில்தான் வந்திருக்கும். அதற்கு விளக்கம் எழுத ஆடிட்டரிடம் போக வேண்டும், ஆடிட்டர் ஃபீஸ் தனி.

எனக்கு யுபிஐ பிடிக்கும். டாஃபியைச் சில்லறையாகக் கொடுத்த காலம் போயிற்று. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-க்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதும் கிடையாது. அப்படியானால் ஆப் கம்பெனிக்கு வருமானம்? பணம் வந்ததும் குரலில் சொல்லுமே, அந்தப் பேசும் பெட்டிதான் ஒரு வழி, அதற்கு மாத வாடகை. முதலில் வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்ட நேரத்தில் ஒரு பையன் 640 ரூபாய் கட்டியதாகப் போனைத் தூக்கிக் காட்டினான். பச்சை டிக் இருந்தது, என் கடைப் பெயரும் இருந்தது. ராத்திரி கணக்குப் பார்த்தால் அப்படி ஒரு வரவே இல்லை. மறுநாள் பெட்டி வாங்கிவிட்டேன். இப்போது ஒரு அம்மா குரல் "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று சொன்னால்தான் பையைக் கொடுப்பது.

அதிலும் ஒரு வினை. பழைய பெட்டி ரிப்பேர் ஆனதும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனிக்கு மாறினேன். பெட்டி போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு மாத வாடகையை என் வரவிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். போன் பண்ணினால் இயந்திரம் பேசுகிறது, ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு. அந்தக் கதையின் மீதி கீழே.

துணிக்கடையில் போன் நம்பர் கொடுத்தால்தான் பில் வரும் என்கிறார்கள். உண்மையா? (தஞ்சாவூர் வாசகி)

பொய். நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. பில்லிங் சாப்ட்வேரில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சிலவற்றில் அடுத்த பக்கம் போகாது, அவ்வளவுதான். அதற்குக் கல்லாவில் இருக்கும் பெண்ணுக்கே வழி தெரியும்: பத்து தடவை 9. நீங்கள் "நம்பர் தர மாட்டேம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், அவரும் சிரித்துக்கொண்டே ஒன்பதைத் தட்டுவார்.

இரண்டு மாதத்துக்கு முந்தைய கரண்ட் பில் 1,805 ரூபாய். இந்த முறை 2,048. ஒரே ஒரு யூனிட்தான் கூட! மீட்டர் ஓடுகிறதா, பறக்கிறதா? (விழுப்புரம் வாசகர்)

மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது. நீங்கள் 500-லிருந்து 501-க்குப் போயிருக்கிறீர்கள். நம்ம ஊர்க் கரண்ட் கணக்கிலேயே மோசமான படி அதுதான். 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி போட்டுக் காட்டுகிறேன்.

500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.35 வீதம் 235 ரூபாய். அடுத்த 200-க்கு 4.70 வீதம் 940. கடைசி 100-க்கு 6.30 வீதம் 630. கூட்டினால் 1,805. இனி 501. முதல் 100 இப்போதும் இலவசம்தான். ஆனால் 2.35 என்ற வரிசையே காணாமல் போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70, அது 1,410. அப்புறம் 630. அந்தக் கடைசி ஒற்றை யூனிட்டுக்கு 8.40. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு. அதாவது 501-வது யூனிட்டின் உண்மை விலை 243 ரூபாய் 40 காசு. ஒன்றரை டன் ஏசி ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்தக் காசுக்கு என் கடையில் கால் கிலோ நல்ல நெய்யே வாங்கிவிடலாம்.

நிறைய செலவழிப்பவருக்கு மானியம் குறையட்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 1,200 யூனிட் ஓட்டுபவர் கூடக் கொடுக்கட்டும். ஆனால் மாடிப்படி மாதிரி ஏற வேண்டியதைச் சுவர் மாதிரி கட்டியிருக்கிறார்கள். கோடையில் மாமியார் ஒரு வாரம் வந்து தங்கினால் ஒரு நடுத்தரக் குடும்பம் அந்தச் சுவரில் முட்டிக்கொள்ளும். (மாமியாரைக் குறை சொல்லவில்லை, என் மனைவியும் இந்தப் பத்தியைப் படிப்பார்.)

"மாதாமாதம் ரீடிங் எடுத்தால் சரியாகிவிடும்" என்று என் கடையில் தினம் யாராவது சொல்கிறார்கள். 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்ன வாக்குறுதிதான் அது. ஆனால் ஒன்றை யாரும் யோசிப்பதில்லை. மாதக் கணக்கு வந்தால் 500 என்ற எல்லை 500-ஆகவே இருக்குமா, பாதியாகி 250 ஆகுமா? 250 ஆனால் பெரிய லாபம் கிடையாது. மே மாதம் 300, ஜூன் 200 என்று ஓட்டுபவருக்கு இப்போது மொத்தம் 500, தப்பித்துவிடுகிறார். மாதக் கணக்கில் மே மாதம் மாட்டிக்கொள்வார். ஆகவே கேட்பவர்கள் எல்லையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதுவரை ஒரு கைவைத்தியம். போன தடவை கணக்கெடுத்த தேதியை காலண்டரில் குறித்துவைத்து, ஐம்பதாவது நாள் மீட்டர் முன்னால் நில்லுங்கள். எண்கள் மாறி மாறி ஓடும், பக்கத்தில் கே.டபிள்யூ.ஹெச். என்று வருவதுதான் உங்கள் எண். அதிலிருந்து பழைய ரீடிங்கைக் கழியுங்கள். 430-க்கு மேல் இருந்தால் மிச்ச நாளுக்கு ஃபேன் போதும்.

என் அம்மாவுக்குப் பட்டன் போன். நெட்டே கிடையாது. ஆனாலும் 28 நாளைக்கு ஒருமுறை நெட்டோடு சேர்த்துத்தான் ரீசார்ஜ் செய்கிறேன். (ராமநாதபுரம் வாசகி)

வேண்டாம், நிறுத்துங்கள். பேசவும் எஸ்எம்எஸ்-க்கும் மட்டுமான ரீசார்ஜ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது. அதை 365 நாள் வரை நீட்டலாம் என்றும் சொன்னது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் கொண்டுவந்தன. ஆனால் ஆப்பைத் திறந்தவுடன் கண்ணில் படாது. பாட்டு, சினிமா, தினம் இவ்வளவு ஜி.பி. என்று பத்து விரல் தள்ளிக் கீழே போனால் ஒரு ஓரத்தில் இருக்கும். ரீசார்ஜ் கடையில் "வாய்ஸ் ஒன்லி" என்று கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

ஊரில் என் அம்மாவுக்கும் இதே கதைதான். காலையில் நான் பேசுவேன், ராத்திரி தங்கச்சி. அவ்வளவுதான் அந்தப் போனுக்கு வேலை. அதற்குப் போய் தினமும் ஜி.பி. கணக்கில் நெட் கட்டி வந்தேன். உப்பு வாங்க வந்தவருக்கு ரெண்டு கிலோ ரவையையும் கட்டிக் கொடுத்து, "சேர்ந்துதான் வரும்" என்று நான் சொன்னால் என் கடைக்கு யார் வருவார்கள்?

அப்புறம் அந்த 28. எந்த ஊரில் மாதம் 28 நாள்? பிப்ரவரியில் மட்டும். 28-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். ஒரு மாதச் சம்பளம் கூடுதலாக வாங்கும் வேலைக்காரர் மாதிரி. 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே டிராய் சொல்லிவிட்டது, இருக்கிறது. அதுவும் ஓரத்தில்தான்.

பஸ் டிக்கெட் ஆப்பில் இன்சூரன்ஸ் தானாக டிக் ஆகியிருந்தது. எடுக்கப் போனால், "என் பயணத்துக்குப் பாதுகாப்பு வேண்டாம்" என்று அமுக்கச் சொல்கிறது. கையே நடுங்கிவிட்டது. (மதுரை வாசகர்)

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்திருக்கிறார்கள். கேட்காததைக் கூடைக்குள் போடுவது ஒன்று, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது இன்னொன்று. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 13 தந்திரங்களின் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. "இன்னும் இரண்டு சீட்தான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கடைசிப் பக்கத்தில் மட்டும் கட்டணத்தைக் கூட்டுவதும் அதே பட்டியலில் உண்டு.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. மிட்டாய் பாட்டில்களைப் பிள்ளைகளின் கண் உயரத்தில்தான் வைத்திருக்கிறேன், 31 வருஷமாக. ஆனால் மிட்டாய் தானாகக் குதித்து உங்கள் பைக்குள் போனதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலும் பேசலாம். அந்தப் பேசும் பெட்டி வாடகைக்கு நான் அதைத்தான் செய்தேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் இரண்டு மாத வாடகையும் திரும்பி வந்தது. மன்னிப்பு வரவில்லை, பணம் வந்தது. ரசீது இல்லாமலிருந்தால் அதுவும் வந்திருக்காது. புகாரை இதில் தீர்க்க முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

பெரிய கடைகளில் பைக்குக் காசு வாங்குகிறார்கள், அதில் அவர்கள் விளம்பரம் வேறு! (சேலம் வாசகி)

சண்டிகரில் ஒருவர் இதே கேள்வியை பாட்டா கடையின் 3 ரூபாய் பைக்காக நுகர்வோர் மன்றத்தில் கேட்டார். 2019-ல் 9,000 ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நீங்கள் மஞ்சப்பை கொண்டுபோங்கள். அதில் ஏதோ கல்யாண வீட்டு மாப்பிள்ளை பெண் பெயர் இருக்கும், அந்த விளம்பரத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை.

பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே மளிகை வருகிறதே, உங்கள் கடை என்ன ஆகும் அண்ணாச்சி? (சென்னை வாசகர்)

குறைந்திருக்கிறது. ஷாம்பு, டயப்பர், குளிர்பானம் மூன்றும் பாதியாகிவிட்டன. தள்ளுபடியில் அவர்களோடு மோத முடியாது. நான் வாங்கும் விலைக்கே அவர்கள் விற்கும் நாள்கூட உண்டு. கூடியதும் இருக்கிறது. 50 கிராம் வெந்தயம், நாலு வரமிளகாய், உடைத்த தேங்காயில் ஒரு மூடி, இதெல்லாம் ஆப்பில் வராது. மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லவும் ஆப்பில் இடமில்லை. இந்த மாத நோட்டில் நிலுவை 38,000 ரூபாய். அது என் பலமா பலவீனமா என்று என் மகன் கேட்கிறான்.

அந்த டெலிவரிப் பையன்கள் என் கடை நிழலில்தான் வண்டியை நிறுத்தி அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கிறார்கள். இவர்களுக்கென்று தமிழ்நாட்டில் நலவாரியம் வந்துவிட்டது, பதிவு செய்துவிட்டாயா என்று கேட்டால் பாதிப் பேர் "அப்படி ஒண்ணு இருக்கா அண்ணாச்சி?" என்கிறார்கள். ஒரு பாக்கெட் மோர், ஒரு கடலை மிட்டாய் வாங்குவார்கள். போன் அடித்ததும் மோரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். திரும்பி வந்து குடிக்கட்டும் என்று பாக்கெட்டை ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கிறேன். நேற்று மட்டும் நாலு பாக்கெட் இருந்தது.